சென்றிக்கு எடுத்த படம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஸ்டூடியோக்காரர் மெலிந்த, நெடிய மனிதர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு சீப்பை நீட்டுவார். காது இரண்டும் தெரியாத படத்தை அட்டை வழங்கும் கந்தோரில் ஏற்கமாட்டார்கள். பிறகு, "சிரிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

அது சண்டைக் காலம்; வீதிக்கு வீதி சென்றி என்ற சோதனைக் காவலரண்கள் இருந்தன. நான் படம் எடுக்கப் போனபோது அவரிடம் புதிதாகக் கொம்பியூட்டர் வந்திருந்தது. அதன் திரையில், சைக்கிளால் விழுந்த தழும்பு என் நெற்றியில் பெரிதாகத் தெரிந்தது.

"அண்ணை, இதை அழிக்க ஏலாதோ?"

"ஏலும் தங்கச்சி, ஒரு நிமிசம் காணும்." ஆனால் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சென்றியில நிக்கிற நேவிக்காரன் அட்டையையும் பார்ப்பான், உங்கட நெத்தியையும் பார்ப்பான். அட்டையில தழும்பு இல்லாட்டி, இது நீ இல்லை எண்டு மறிச்சுப்போடுவான். பிறகு ஆர் உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு வாறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தழும்போடுதான் அத்தனை சென்றிகளையும் தாண்டினேன்.

இன்று வெப்சைட் வடிவமைப்பது என் தொழில். அதில் போடும் படங்களில் முகங்களைத் துப்புரவாக்கித் தரச் சொல்கிறார்கள், செய்து கொடுக்கிறேன். சென்றிகளும் இப்போது இல்லை. ஆனாலும் யாருடைய தழும்பையாவது அழிக்கும்போதெல்லாம், இவர் இனி எப்படி வீடு போய்ச் சேரப்போகிறார் என்று என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.