போயா நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை

போன செவ்வாய்க்கிழமை மச்சானையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு கிளினிக் போனேன். மச்சான் பேரு மாரிமுத்து, என் தங்கச்சி லெட்சுமியோட புருஷன். கண்டி–கடுகண்ணாவை பஸ் ஓட்டுறான். வயிறு ஸ்டியரிங்ல முட்டும். சீட்டைப் பின்னால தள்ளிக்கிட்டே வந்தான்... இனித் தள்ள இடமில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரஷர் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். முகம் மாறிச்சு.

“மருந்து ஒழுங்கா எடுக்கிறனீங்களோ?”

“எடுக்கிறேன் டொக்டர்.”

தங்கச்சி பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை மேசையில வச்சா. ஒரு மாசத்துக்குக் குடுத்தது. ஒண்ணே ஒண்ணுதான் குறைஞ்சிருந்தது.

மச்சான் தரையைப் பார்த்தான். “குடிக்கிற நாள்ல போடுறதில்ல டொக்டர். போயா அன்னைக்கு, பௌர்ணமி லீவுக்கு, பார் பூட்டு. அன்னைக்குப் போட்டேன்.”

நர்ஸ் மிஸ் வாயைப் பொத்திக்கிட்டா. டொக்டர் சிரிக்கல்ல.

“ஆர் இப்பிடிச் சொன்னது?”

மச்சான் ஓரக்கண்ணால என்னைப் பார்த்தான்.

யார் சொன்னது? நான்தான். ரெண்டு பேரும் சாராயம் குடிக்கிறப்போ, ‘இதோட மாத்திரையும் போட்டா ஈரல் போயிரும், மாத்திரையை நிப்பாட்டு’ன்னேன். அக்கறையாத்தான் சொன்னேன் — எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி.

“நான் சொன்னது டொக்டர்.”

தங்கச்சி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்குப் பதிலா ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்.

டொக்டர் ஏசல்ல. நாடாவை எடுத்து மச்சான் வயித்தைச் சுத்தி அளந்தார். “இந்தக் கொழுப்பு வெளியில மட்டும் இல்லை, உள்ளுக்கும் கிடக்கு. அது பிரஷரை ஏத்தும். சாராயமும் ஏத்தும். வயித்தையும் வளர்க்கும். நிப்பாட்ட வேண்டினதை வச்சுக்கொண்டு, எடுக்க வேண்டினதை நிப்பாட்டிப்போட்டியள்.”

நாடாவைச் சுருட்டிக்கிட்டே சொன்னார். “பிரஷர் இறங்குமட்டும் பஸ் ஓட்டாதேங்கோ. கடுகண்ணாவை ஏத்தத்தில உங்களுக்குப் பக்கவாதம் வந்தா... பின்னால இருக்கிற சனம்?”

மச்சானுக்கு அதுதான் பட்டுச்சு. பஸ்ஸை விட்டா அவனுக்கு வேற தொழில் தெரியாது. கண் கலங்கிச்சு.

“திரும்ப ஓட்டுவேனா டொக்டர்?”

“ஓம். மருந்தை ஒரு நாளும் விடாதேங்கோ. குடியை விடுங்கோ. விடேக்க கை நடுங்கினா உடன வாங்கோ. மெல்ல மெல்ல நடவுங்கோ, வயிறு வத்தட்டும்.”

வெளியில வந்ததும் தங்கச்சி சொன்னா. “அண்ணே, இனி இவருக்கு நீங்க வைத்தியம் சொல்ல வேணாம். காலையில கூட நடங்க. அது போதும்.”

நடக்குறோம். பிலிமத்தலாவை கடைத்தெரு வரைக்கும். அவனுக்கு மூச்சு வாங்குது. எனக்கும்தான். நேத்து அவன் பஸ் எங்களைத் தாண்டிப் போச்சு — வேற டிரைவர்.

“கியர் போடுற லட்சணத்தைப் பாரு மச்சான்”னான். பஸ் மறையிற வரைக்கும் நின்னு பார்த்தான். பிறகு என்னை விட வேகமா நடந்தான்.

ஊத்திக் குடுக்க நம்மள்ல எத்தனையோ பேர்... கூட நடக்கத்தான் ஆள் இல்லை.