கேமரா நாலுல வந்தது சாமி இல்ல

மாரிண்ணே போயிட்டாரு.

இன்னைக்குக் காலையில, ஆஸ்பத்திரியில. நம்ம உறுமி மேளக் குழு மாரிண்ணே... வாரம் பூரா எஸ்டேட்டுல எண்ணெய்க்குப் போற செம்பனைக்குலை ஏத்துற லோரி ஓட்டிட்டு, ஞாயித்துக்கிழமைன்னா உறுமியத் தோள்ல மாட்டிக்கிட்டு வருவாரே, அவருதான்.

போன வாரத்துக் கோவில் திருவிழா லைவ்லேருந்து வெட்டி எடுத்த வீடியோவ இன்னமும் ஷேர் பண்ணிக்கிட்டு இருக்கீங்க. "சாமி இறங்கிய அற்புதக் காட்சி"ன்னு தலைப்பு வேற. நிறுத்துங்க. ஏன்னு சொல்றேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

தெரியாதவங்களுக்கு... நான் தேவி. குழு வாசிக்கிறத லைவ்ல போடுறது என் வேலை. நாலு கைபேசி, நாலு கேமரா, ஸ்கிரீன்ல நாலு கட்டம். பாக்குறவங்க எந்தக் கட்டத்தத் தட்டுறாங்களோ, அந்த ஆளு மட்டும் பெருசா தெரிவாரு. எத்தன பேரு பாக்குறாங்கன்னு ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழயும் நம்பர் ஓடும்.

கேமரா நாலு மாரிண்ணனுக்கு.

கூட்டம் எல்லாம் பாடுற பையன் பக்கம்தான். நாலுக்குக் கீழ எப்பவும் ஒண்ணுதான் நிக்கும். "அண்ணே, உங்க ரசிகர் மன்றம் வந்திருச்சு"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அந்த ஒண்ணு அவரு மக கவிதா. ஜொகூர்ல வேலை. அம்மா இல்லாத புள்ள.

வாசிக்க ஆரம்பிக்குமுன்ன மாரிண்ணே கேமராவப் பாத்து அஞ்சு வெரலயும் குவிச்சு வாய்க்கிட்ட கொண்டு போவாரு. சாப்டியா? அங்கேருந்து "சாப்டேன்பா"ன்னு கமெண்ட் வரும். அத நான் சத்தமா படிச்சாத்தான் மொத அடி விழும்.

"அண்ணே, சீக்கிரம் சாப்புடச் சொல்லுங்க, வெயில் கொளுத்துது லா"ன்னு பசங்க கத்துவானுங்க. அவரு அசைய மாட்டாரு.

ஒரு தடவ புக்கிட் ரோத்தான் கோவில்ல வாசிச்சு முடிச்சு சாமானெல்லாம் வேன்ல ஏத்தறப்ப கேட்டேன். "ஏண்ணே, அடிச்சு அடிச்சு ஊருக்கே சாமி வர வைக்கிறீங்க. உங்களுக்கு ஒரு நாளும் வரலியே?"

"மேளக்காரனுக்கு வராதும்மா. எனக்கும் வந்துட்டா அடிக்கிறது யாரு, உங்கப்பனா?"

அப்படிச் சிரிச்சோம் அன்னைக்கு.

போன ஞாயிறு. எஸ்டேட் கோவில், உச்சி வெயில்.

காலையிலேருந்தே அவரு ஒரு மாதிரிதான் இருந்தாரு. குச்சி கை நழுவிக் கீழ விழுந்துச்சு, எடுத்தாரு, மறுபடியும் விழுந்துச்சு. "இடது கை மரத்துப் போச்சும்மா. லோரி ஓட்டுற கை, அப்படித்தான்"ன்னாரு. எனக்கு மனசு சரியில்ல. ஆனா சாப்டியான்னு கேட்டாரு, சாப்டேன்பான்னு வந்துச்சு, அடிச்சாரு.

முனியாண்டி முன்னால மேளம் ஏறிக்கிட்டே போகுது. திடீர்னு உறுமியோட இழுப்புச் சத்தம் மட்டும் காணோம். இடது கையில வளஞ்ச குச்சிய வச்சுத் தேய்ப்பாங்களே, அந்தச் சத்தம். மைக் போச்சுன்னு நெனச்சு நான் வயர ஆட்டிக்கிட்டு இருக்கேன்...

ஸ்கிரீனப் பாத்தா, நாலுக்குக் கீழ நம்பர் ஏறுது. ஒண்ணத் தாண்டாத நம்பர், நிக்காம ஏறுது.

மாரிண்ணே தள்ளாடுறாரு. கண்ணு மேல சொருகிருச்சு. வாய் ஒரு பக்கமா கோணிப் போயி, ஒடம்பெல்லாம் வேர்வை. கமெண்ட் பூரா ஓம் சக்தி, ஓம் சக்தி. பொம்பளைங்க குலவை போடுறாங்க. யாரோ ஒரு குடம் மஞ்சத்தண்ணிய அவரு தலையோட ஊத்துனாங்க.

போன் அடிச்சுது. கவிதா.

"அக்கா, அது சாமி இல்லக்கா! அப்பாவுக்கு வராதுக்கா! அப்பாவுக்கு என்னமோ ஆவுது, ஓடுங்கக்கா!"

ஓடுனேன். பூசாரி கைய நீட்டி மறிச்சிட்டாரு. "சாமி வந்திருக்கும்மா, தள்ளி நில்லு. மலையேறட்டும்."

நமக்குத்தான் தெரியுமே. சாமி மலையேறுற வரைக்கும் ஆளத் தொடக்கூடாது, மேளமும் நிக்கக்கூடாது. ஆம்புலன்ஸக் கூப்புடுங்கடான்னு கத்துறேன்... அந்தச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல.

ஒரு பெரியவரு கும்பிட்டுக்கிட்டே கேக்குறாரு, "வந்திருக்கிறது யாருப்பா?"

மாரிண்ணே பேசப் பாத்தாரு. நாக்கு பொரளல. "முனியாண்டிதான்! முனியாண்டிதான்!"ன்னு கூட்டமே கத்துச்சு.

அப்புறம் வலது கைய மட்டும் தூக்குனாரு. அஞ்சு வெரலயும் குவிச்சாரு. மெதுவா வாய்க்கிட்ட கொண்டு போனாரு.

கேமராவப் பாத்து.

"சுருட்டு கேக்குறாருடா!" ஒருத்தன் பத்த வச்சு வாயில சொருகிட்டான். கோணிப் போன பக்கமா சுருட்டு கீழ விழுந்துச்சு. பின்னாடியே அவரும் விழுந்தாரு.

அப்பவும் மேளம் நிக்கல. கையில இருந்த போன்ல கவிதா அலறிக்கிட்டே இருந்தா.

பக்கவாதம்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்திருக்கலாமேன்னும் சொன்னாரு. ஜொகூர்லேருந்து ஓடி வந்த கவிதா பக்கத்துல நின்னு அதக் கேட்டுக்கிட்டு இருந்தா. ஐயோ... அந்த மொகத்த என்னால மறக்கவே முடியாது.

நீங்க கையெடுத்துக் கும்பிடுறீங்களே அந்த வீடியோ, அது ஒரு மனுசன் உயிருக்குப் போராடுறது. அதுல அந்தப் புள்ளைய டேக் வேற பண்றீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், அழிச்சிடுங்க.

நாளைக்கு மத்தியானம் வீட்டுலேருந்து எடுக்குறோம். நம்ம பசங்கதான் மேளம். லைவ் கிடையாது. பாக்கணும்னா நேர்ல வாங்க.

போயிட்டு வாங்க மாரிண்ணே.

கவிதா இன்னும் சாப்புடல. நான் பாத்துக்குறேன்.