நிறம் பார்த்து அடுக்கிய புத்தகங்கள்

ஒரு நூலகத்தின் அலுமாரியில் இருந்த புத்தகங்களை நான் நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். சிவப்பு ஒரு தட்டில், பச்சை ஒரு தட்டில், நடுவில் நீலம், கீழே பழுப்பு. யாரும் என்னைக் கேட்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன். ஐம்பது தாண்டிய ஆள், பாதி நரை, மூக்கில் கண்ணாடி, பார்த்தால் ஏதோ படித்தவன் போல இருப்பேன். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் அங்கே யாரும் தடுக்கவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வாலிப வயதிலிருந்து நிற்கிறேன். சாரி பார்க்க வந்தவர்கள் எழுந்து போனதும், மேசையில் கிடப்பதை மடித்து நிறத்தோடு நிறம் சேர்த்து வைக்காவிட்டால் எனக்குக் கை நமநமக்கும். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் கிடந்த யாருடைய சால்வையையோ மடித்து வைத்துவிட்டு, அதன் சொந்தக்காரர் தேடியபோது முழித்திருக்கிறேன். அப்படிப்பட்ட கையோடு நூலகத்துக்குள் போனது தப்பு.

போனது மகளுக்காக. எங்களுக்கு ஒரே பிள்ளை. கெம்பஸ் கிடைத்து, பல்கலைக்கழகப் படிப்புக்கு யாழ்ப்பாணம் போனாள். போன புதிதில் தினமும் போனில் கோல் எடுத்தாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. பிறகு நாங்கள் எடுத்தால் உண்டு. வீட்டில் அவளுடைய மேசை அப்படியே இருந்தது. மனைவி அதில் தூசு தட்டுவாள். நான் அதில் எதையும் வைக்காமல் இருப்பதில் கவனமாக இருந்தேன், என் கண்ணாடிக் கூட்டைக்கூட.

என் கஷ்டம் என்னவென்றால், எனக்கு அவளோடு பேச விஷயம் கிடைக்கவில்லை. கடையில் ஒரு சாரியின் கரையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். வாங்க வராதவர்களையும் வாங்க வைத்திருக்கிறேன். மகளிடம் இப்படித்தான் போகும்:

"சாப்டியாம்மா?"

"ஓம்."

"மழையா அங்க?"

"இல்லப்பா, வெயில்."

"சரி, அம்மாகிட்ட குடுக்கவா?"

"ஓம், குடுங்க."

அந்த யாழ்ப்பாணத்து 'ஓம்' வேறு. எங்கள் வீட்டில் யாரும் ஓம் சொன்னதில்லை. 'ஆமா' என்று சொல்லிக்கொண்டு போன பிள்ளை ஒரு படிப்புத் தவணைக்குள் 'ஓம்' சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நியாயமான சொல்தான், அதன் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு அதுதான் காதில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளே கோல் எடுத்தாள். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்பா, ஒரு அசைன்மென்ட் இருக்கு. லைப்ரரில எப்படித் தேடுறதுன்னு பழக்கித் தாராங்க. தெரிஞ்ச ஒரு ஊரப் பத்தி புத்தகங்கள்ல தேடி எழுதணும். நான் ஒங்க தோட்டத்த எடுத்திருக்கேன்."

மடுல்கெல்லைக்கு மேலே நான் பிறந்த தோட்டம். அவள் அங்கே போனது சின்ன வயதில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ.

"இங்க அதப் பத்தி ஒண்ணும் சிக்கல. கண்டில பழைய புத்தகம் இருக்குமாம். நீங்க போய்ப் பாக்க ஏலுமா?"

"அதுக்கென்னம்மா. லைப்ரரி நம்ம கடைக்குப் பக்கத்துலதானே."

பக்கத்தில்தான். எத்தனையோ வருடம் மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் போய்விடுவேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மேசையில் இருந்த பெண் அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பெருநாளைக்கு எங்கள் கடையில்தான் துணி எடுப்பார்களாம். அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"மிஸ், தேயிலத் தோட்டத்தப் பத்தி இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் எடுத்துப் போடுங்க. பாத்துட்டு நல்லதா ஒண்ணு எடுத்துக்கிறேன்."

அவள் பேனையை மூடினாள். "அங்கிள், ஒங்கட கடைல அலுமாரியையே எறக்கிப் போட்டுக் காட்டுவீங்க. இங்க அப்டி இல்ல. என்ன வேணும்ண்டு செல்லுங்க, நான் தேடுறேன்." 'சொல்லுங்க' என்பது அவள் பேச்சில் அப்படித்தான் வரும்.

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். கொம்பியூட்டரில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. வேறு மாதிரி அடித்தாள். அப்போதும் இல்லை. "அப்டி ஒரு தோட்டமே இல்லயே அங்கிள்," என்றாள். பிறந்த இடமே இல்லை என்று கேட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

சாயந்தரம் மகளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்களாம்: ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் அதே இடத்துக்கு இருக்கும் வேறு பெயரில் தேட வேண்டும்.

"அப்பா, அது நம்ம ஆளுங்க கூப்பிடுற பேரு. வெள்ளைக்காரன் வச்ச பேரு ஒண்ணு இருக்குமே. ஃபெக்டரி செவுத்துல என்ன எழுதியிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆள் உயர வெள்ளை எழுத்து. அதற்குக் கீழேதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் பந்தடித்தோம். எழுத்தின் நிறம் ஞாபகம் இருக்கிறது, சுவரில் எந்த எழுத்துக்குக் கீழே பந்து பட்டால் அவுட் என்பது ஞாபகம் இருக்கிறது. வாசித்ததில்லை. இன்னும் அங்கேயே இருக்கும் சித்தப்பா மகனுக்குக் கோல் எடுத்தேன். அவன் வெளியே போய் நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு, "என்னண்ணே, தோட்டத்த வாங்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

அந்தப் பெயரைக் கொடுத்ததும் பல புத்தகங்கள் வந்துவிட்டன. மிஸ் ஒரு துண்டில் 954.93 என்று எண்களை எழுதி, "முதுகில இந்த நம்பர் உள்ளத பாருங்க," என்று அலுமாரியைக் காட்டினாள். நான் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதுகைப் பார்க்காமல், பெரிதாகத் தெரிந்ததையெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்தேன். அதில் தடித்த சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றில் அந்தத் தோட்டம் இருந்தது. என் இங்கிலீஷில் மெதுவாகத்தான் வாசித்தேன். மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு ஃபெக்டரிக்கு இறக்குவார்களாம். கம்பியைத் தாங்கிய இரும்புத் தூண் ஒன்று நான் சின்னப் பையனாக இருந்தபோது துருப்பிடித்து நின்றது. அது ஏன் நின்றது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனில் படம் எடுத்தேன். பிறகு மேசையைப் பார்த்தேன். புத்தகங்கள் கண்டபடி கிடந்தன. அலுமாரியைப் பார்த்தேன், அது அதைவிட மோசம். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்கு மேலே பழுப்பு. பிறகு நான் செய்ததுதான் முதலிலேயே சொன்னது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கோல் வந்தது.

"அப்பா, கம்பி விஷயம் சூப்பர். வேற யார்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்காது. என்ன புத்தகம் இது?"

"செவப்பு அட்டை."

"பேருப்பா."

"தடிச்ச புத்தகம்மா. நல்ல கனம்."

"யார் எழுதினது? எந்த வருஷம்? பக்க நம்பர எல்லாப் படத்துலயும் ஒங்க வெரல் மறைக்குது."

நான் என் விரலைப் பார்த்தேன்.

"எங்கேயிருந்து எடுத்தோம்னு எழுதாட்டி இத வச்சுக்க ஏலாதுப்பா. நானா கற்பன பண்ணி எழுதினேன்னு சொல்லுவாங்க."

மறுநாள் போனபோது மிஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் புத்தகங்கள்.

"பாருங்க அங்கிள், யாரோ வந்து கலர் கலரா அடுக்கி வச்சிட்டுப் போயீக்கிறாங்க. எந்தப் பைத்தியமோ தெரியா."

"சின்னப் புள்ளைங்களா இருக்கும்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அது அதற்குள் ஒரு பச்சைப் புத்தகத்தை இன்னொரு பச்சைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

அவள் ஏசவில்லை. நகர்ந்து இடம்விட்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், எடுத்தவர் திரும்ப வைக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதியாம். சுவரில் மூன்று பாஷையிலும் எழுதி ஒட்டியிருந்தது. அந்த எண்கள் விலை இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒரே விஷயத்தைப் பேசும் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைப்பதற்கு அவை. ஒன்றைத் தேடிப் போனால் இரண்டு பக்கமும் அதன் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். நான் அந்தக் குடும்பங்களைப் பிரித்து வைத்திருந்தேன்.

சிவப்புப் புத்தகம் மட்டும் சிக்கவில்லை. கொம்பியூட்டர் காட்டிய பெயர்களில் எது அது என்று மிஸ்ஸுக்கும் தெரியவில்லை. அன்று நிறத்துக்கு நிறம் சேர வேண்டும் என்று அடுத்த மண்டபம் வரை போயிருக்கிறேன். எந்த அலுமாரி என்பது எனக்கே நினைவில்லை.

அந்த வாரம்தான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு நாளும் சாயந்தரம் அவளே கோல் எடுத்தாள்.

"கெடச்சிச்சாப்பா?"

"இல்லம்மா. இன்னைக்கு ரெண்டு அலுமாரி பாத்தேன்."

அதோடு முடியாது. எந்த அலுமாரி என்று கேட்பாள். என்ன எண் என்று கேட்பாள். அந்தப் பேச்சு எங்கெங்கோ போகும். ஹொஸ்டல் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதை, கூட இருக்கும் பிள்ளை தூக்கத்தில் பாடம் சொல்வதை, லெக்சரர் கேள்வி கேட்டால் இவளுக்குத் தமிழே மறந்துபோவதை எல்லாம் சொன்னாள். தோட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்டாள். பந்து, எழுத்து, இரும்புத் தூண் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுதுகிறாள் என்பது பேனைச் சத்தத்தில் தெரியும். என் பேச்சை யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு நாள் நடுவில் "ஆமாப்பா" என்றாள். மனைவி வந்து, "ரெண்டு பேரும் அப்படி என்ன மணிக்கணக்குல பேசுறீங்க, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க," என்றாள்.

புத்தகம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அரசாங்க அறிக்கைகள் சிவப்பு அட்டையில் வரிசையாக நின்ற இடத்தில், ஒன்றுமே தெரியாதது போல நடுவில் நின்றது. பெயர், எழுதியவர், வருடம், பக்கம் எல்லாவற்றையும் மிஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். "மகளுக்கு இப்பவே செல்லுங்க," என்றாள். தலையாட்டிவிட்டு வந்து வாவிக் கரைச் சுவரில் உட்கார்ந்தேன். துண்டு பையில் இருந்தது. இதைச் சொன்னால் இன்றோடு சரி. நாளைக்கு நான் எடுக்க வேண்டும், சாப்பிட்டாயா, மழையா.

சாயந்தரம் போன் அடித்தது.

"கெடச்சிச்சாப்பா?"

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. சாயம் போகுமா என்று கேட்பவர்களிடம் போகாது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கும் நன்றாகப் பேசினாள். மறுநாளும் அதையே சொன்னேன், அன்றைக்கும் பேசினாள். அசைன்மென்ட்டை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

அதற்கடுத்த நாள் நான்தான் எடுத்தேன்.

"இனிமே அலையாதீங்கப்பா," என்றாள். "இன்னைக்குப் பகல் அசைன்மென்ட்டக் குடுத்துட்டேன். கம்பி இருந்த பகுதிய முழுக்க வெட்டிட்டேன். எங்க எடுத்ததுன்னு காட்ட ஏலாதே."

"இரு, இரும்மா. கெடச்சிருச்சு." துண்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். பெயர், எழுதியவர், வருடம். பக்கத்துக்கு வருவதற்குள் குறுக்கே கேட்டாள்.

"எப்பப்பா கெடச்சது?"

பொய் தயாராகத்தான் இருந்தது. வரவில்லை.

"செவ்வாக்கிழம."

போனை வைத்துவிட்டாள். ஏசியிருந்தால் அதையாவது பேச்சு என்று கணக்கில் வைத்திருப்பேன். பிறகு வந்த நாட்களில் மனைவி எடுத்தால் பேசினாள். பக்கத்தில் நிற்கும் என்னைக் கேட்கவில்லை. மனைவியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஒங்களுக்கும் மகளுக்கும் என்ன?" என்று கேட்டாள். லைப்ரரி விஷயம் என்றேன். கடையில் என் மடிப்புகள் கோணலாக வந்தன. முதலாளி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அசைன்மென்ட்டுக்குப் புள்ளி போட்டு வந்த அன்றைக்கு என் நம்பருக்கே எடுத்தாள். புள்ளி சுமார். லெக்சரர் கீழே ஒரு வரி எழுதியிருந்தாராம்: தேடிய விதம் சரி, ஆனால் உன்னுடைய தோட்டத்துக்கே உரியது என்று ஒன்றாவது இதில் வேண்டாமா? அவள் அதை வாசித்துக் காட்டினாள். நான் கடைக்கு வெளியே, பஸ் சத்தத்தில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"எதுக்குப்பா அப்படிச் செஞ்சீங்க?"

சொன்னேன். அவளிடம் பேச எனக்கு வேறு விஷயம் இல்லை என்பதை இப்போது எழுதுவதைவிட மோசமாக, திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கதைக்கணும்னா சும்மா கோல் எடுங்கப்பா. அதுக்கு என்னோட அசைன்மென்ட்ட அடகு வைக்காதீங்க."