சப்பாத்தைக் கழற்றிய தளபதி

மகள் படம் எடுக்கப்போகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டேன். யுத்தப் படம் என்றதும் பயந்துபோனேன். என் கணவர் யுத்தப் படம் பார்க்கமாட்டார். தொலைக்காட்சியில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் போதும், தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போய்விடுவார். பனி கொட்டினாலும் போவார். சுவிஸில் இந்த ஓஸ்டர்முண்டிகனுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"பயப்பிடாதைங்கோ அம்மா, இது சிரிப்புப் படம்," என்றாள் மகள். கதையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. ஒரு நாட்டில் ரொக் இசைக்குத் தடை. தடையை மீறிய ஒரு இசைக்குழு நிலத்துக்கடியில் ஒரு பங்கருக்குள் ஒளிந்திருந்து கித்தார் அடிக்க, வெளியே டாங்கிகள் வெடிக்கும். டாங்கியெல்லாம் குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டைப்பெட்டிகள். குண்டுச் சத்தத்துக்கு ட்ரம்ஸ். கடைசியில் எதிரித் தளபதி படையோடு பங்கருக்குள் பாய்வார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் பிள்ளை இதைத்தான் படித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்கருக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. எங்கள் மாடிக் கட்டடத்தின் அடியிலும் ஒன்று இருக்கிறது. ஒருநாளும் வராத குண்டுக்காக அவ்வளவு கனத்தில் கதவு. உள்ளே சுவிஸ்காரரின் பனிச்சறுக்குக் கட்டைகள், எங்களின் அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் வாளி. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் சனிக்கிழமை காலை படம் எடுக்கத் திறந்துவிட்டார். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் மூச்சுக்கூட விடக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

அன்று பார்த்துத் தளபதியாக நடிக்க இருந்தவருக்குக் காய்ச்சல். தளபதிக்குத் தோதான மீசை எங்கள் வீட்டில்தான் இருந்தது. மகள் தயங்கித் தயங்கி அப்பாவைக் கேட்டாள். வேண்டாம் என்று நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். அவர் மீசையைத் தடவிவிட்டு, ஓம் என்றார்.

பன்னிரண்டு நெருங்கிவிட்டது. ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம். ட்ரம்ஸ் இடித்த இடியில் சுவர் அதிர்ந்தது. இவர் திரும்பி மேலே போய்விடுவாரோ என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் நின்றார். குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் சோடியாகச் சுவரோரம் வைத்தார். பிறகு மறுபடி கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அவருடைய படையாகப் பின்னால் வந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் பழக்கதோஷத்தில் கழற்றினார்கள். கூட வந்த இரண்டு சுவிஸ் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள்.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டிலேயே எல்லோரும் கூடிப் பார்த்தோம். ஒவ்வொரு இடிக்கும் நான் இவரைத்தான் பார்த்தேன். சப்பாத்துக் கட்டம் வந்தபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இவரும்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யுத்தத்திலை ஆரப்பா சப்பாத்துக் கழட்டுறது?" என்றாள் மகள்.

அவர் கண்ணைத் துடைத்தார். "ஊரிலை பங்கருக்கு ஓடேக்கை செருப்புக் கொழுவ நேரமிருக்கேல்லை, பிள்ளை. வெறுங்காலோடைதான் ஓடினனாங்கள். இந்தமுறை ஆறுதலாக் கழட்டி வைச்சிட்டுப் போனன்."

அவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, அந்தக் கட்டத்தை இன்னொருக்காப் போடச் சொன்னார். பல்கனிக் கதவு பூட்டியபடியே கிடந்தது.