ராணி அக்கா கண்ட ஆற்றுப் பாதைகள்

பெங்களூர் கனகபுரா சாலையில் நாங்கள் கூடும் இட்லிக் கடை வாசலில் அந்த ஞாயிறு விடிகாலை ஏழு சைக்கிள்கள் நின்றன. எட்டாவது வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து, டயர்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “காத்து ஜாஸ்தி, கொஞ்சம் எறக்கு” என்று சொல்பவர் ராணி அக்கா. அவரை அழைக்கலாம் என்று கைபேசியை எடுத்தபோதே அது ஒலித்தது. அவருடைய கணவர் ஜெரோம் அண்ணன்.

“காப்பி போட்டு எழுப்பப் போனேம்மா. எழும்பல. தூக்கத்துலயே போயிட்டா.” பிறகு, “நீங்கள்லாம் அங்க காத்துக்கிட்டு இருப்பீங்கன்னுதான் மொதல்ல உனக்குச் சொல்றேன்” என்றார்.

செல்வராணி அவர்களுக்கு வயது ஐம்பத்திரண்டு. விவேக் நகரில் பிறந்து, அங்கேயே மணமாகி, ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவர். நான் அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் இருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் குடியிருப்பவள். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூருக்குத் தெற்கே, மலைகள் காவிரியை நோக்கிச் சரியும் காட்டோரங்களில் இன்று எத்தனையோ பேர் சைக்கிளில் போகிறார்கள். அந்த மண்பாதைகளில் பலவற்றைத் தேடி நடந்து, ஒன்றோடொன்று கோத்துக் கொடுத்தவர் அவர்தான்.

எல்லாம் ஒரு பஸ் வேலைநிறுத்தத்தில் தொடங்கியது. பக்கத்து வீட்டு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தவர், நேராக மருந்தகத்தின் ஜன்னலுக்கு வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. “ஒரு மணி நேரம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வர்ற தூரம். அரை மணியில வந்துட்டேன். இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு தெரியல” என்றார். அன்று மாலைக்குள் வார்டு வார்டாக அந்தச் செய்தி போய்விட்டது.

மறுவருடம் சொந்தமாக ஒரு கிரேவல் சைக்கிள் வாங்கினார். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி, ஆனால் தடித்த டயர். அது என்ன சைக்கிள் என்று கேட்டேன். “ரோடு முடிஞ்சாலும் நிக்காத சைக்கிள்” என்றார்.

பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை மறந்திருந்த என்னையும் விடவில்லை. முதல் நாளே ஏரிக்கரைச் சேற்றில் விழுந்தேன். ஓடி வந்தவர் முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “வண்டிக்கு ஒண்ணும் ஆகல. நீ எழுந்திரு” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், அடுத்த ஞாயிறு எங்கே என்று கேட்டேன்.

பாதை தேடும் வேலையை அவர் சைக்கிளில் செய்யவில்லை. கனகபுராவைத் தாண்டிப் போகும் கிராமத்துப் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடப்பார். எதிரில் வருபவரிடமெல்லாம் கன்னடத்தில் ஒரே கேள்வி: “ஈ தாரி எல்லிகெ ஹோகுத்தெ?” இந்த வழி எங்கே போகிறது. அப்படிக் கேட்டுத்தான் மஞ்சுளம்மா அறிமுகமானார். பள்ளத்தாக்கின் விளிம்பில், மல்பெரித் தோட்டத்துக்கு நடுவே வீடு. பட்டுப்புழுவுக்கு இலை நறுக்கிக்கொண்டே, எந்தப் பாதையில் யானை வரும், எந்த ஓடையில் கோடையிலும் நீர் இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, ராணி அக்கா பழைய எக்ஸ்ரே உறைகளின் பின்புறத்தில் வரைந்துகொள்வார். காட்டுக்குள் போகும் கடைசித் துண்டுக்கு அனுமதி கேட்டு வன அலுவலகத்துக்கு எத்தனையோ முறை அலைந்தார். “மிருகம் பாக்க வரல சார். ஆத்தப் பாத்துட்டுத் திரும்பிடுவோம்” என்பதுதான் அவருடைய வாதம். கடைசியில் பகல் நேரத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அந்தப் பாதையின் முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கிறது. மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சிவந்த மண் இறுகிப் பிடி கொடுத்தது. மூங்கில் புதர்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறக்கம். டயருக்கடியில் சரளை பொரிவது போலச் சத்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே எங்கோ வெள்ளித் துண்டாகக் காவிரி தெரிந்து மறைந்தது. முன்னால் போன ராணி அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் பயத்தில் தொடங்கி, பாதி வழியில் அவரைப் போலவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். பாதை நடுவே யானைச் சாணம், ஆவி பறக்க. ராணி அக்கா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

“திரும்பறோம்.”

எங்களில் வேகமானவர் கார்த்திக். சாஃப்ட்வேர் வேலை, அப்போது இருபத்தெட்டு வயது. “மூணு கிலோமீட்டர்தான் மேடம். பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

ராணி அக்கா எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் பாய்ந்தார். அப்படி ஓர் இறக்கத்தை நான் பார்த்ததில்லை. பிரேக்கைத் தொடவே இல்லை. தன்னைவிட இருபது வயது இளையவரை மூன்றாவது வளைவில் தாண்டி, தன் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்தார். நாங்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு அப்பால், கல்லெறியும் தூரத்தில், மூங்கில் விலகி ஒரு பெண் யானை வெளியே வந்தது. காலடியில் குட்டி. அவர் கார்த்திக்கின் மணிக்கட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். யானை தும்பிக்கையை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. பிறகு குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு பாதையைக் கடந்தது. அதன் பின்னால் இன்னும் நான்கு.

கார்த்திக் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலேறி வந்தார். ராணி அக்கா திட்டவில்லை. “அந்த ரெண்டாவது வளைவ நீ எடுத்த விதம் நல்லா இருந்துச்சு. ஆனா இனிமே என் ரூட்டுக்கு வராதே” என்றார்.

அடுத்த வாரமே அந்த மூன்று கிலோமீட்டரை வரைபடத்திலிருந்து நீக்கினார். அனுமதி கையில் இருந்தபோதும் நீக்கினார். எனக்கு மனமில்லை, இவ்வளவு அலைந்த பிறகா என்று கேட்டேன். “அது அவங்க வழி. நாம சுத்திப் போவோம். ஆறே நேரா போகல, நமக்கென்ன?” என்றார். மறுபடி பஸ் ஏறினார். மல்பெரித் தோட்டங்கள் வழியாக, மலைமுதுகில் ஏறி இறங்கும் புதுப் பாதை வர எட்டு மாதம் ஆனது. இன்று எல்லோரும் போவது அதில்தான். கார்த்திக் இரண்டு மாதம் கழித்து மருத்துவமனைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து வரிசையின் கடைசி ஆளாக வருவது அவருடைய பொறுப்பு. யாரையும் பின்னால் விடக்கூடாது.

அடக்கத்துக்கு மஞ்சுளம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னைத் தனியே அழைத்தார். போன மாதம் ராணி அக்கா தனியாக வந்தாராம். அவர்கள் நிலத்துக்குக் கீழே, புளியமரங்களுக்கு நடுவே இறங்கிப் போனாராம். மாலையில் முழங்கால்வரை சேறோடு ஏறி வந்து, “இன்னொரு வழி கிடைச்சிருச்சு. இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதே” என்று சிரித்தாராம்.

“எங்க எறங்குனாங்கன்னு காட்டறேன். அப்புறம் நீங்கதான் தேடிக்கணும்” என்றார் மஞ்சுளம்மா, கன்னடத்தில்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, தேடினோம். ஜெரோம் அண்ணனும் வந்தார். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர். மஞ்சுளம்மாவின் தம்பி தன் பைக்கில் கூட்டிவந்து, பாதை குறுகிய இடத்திலிருந்து நடத்தி அழைத்து வந்தார். இருமுறை வழி தவறினோம். ஒருமுறை முள்ளுக்குள், ஒருமுறை யாரோ ஒருவருடைய கேழ்வரகு வயலுக்குள். பிறகு ஓடையை ஒட்டி ஒரு மாட்டுத்தடம் கிடைத்தது. அதற்கப்புறம் மிதிக்கவே தேவையில்லை. மண் மெத்தென்று இறங்கிக்கொண்டே போனது. கடைசித் திருப்பத்தில் மரங்கள் சட்டென்று விலகின. பாறை, அதற்குக் கீழே காவிரி, நுரைத்துக்கொண்டு, கரை முட்ட.

அரைமணி கழித்து ஜெரோம் அண்ணன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க நின்று ஆற்றை வெகுநேரம் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமைன்னா என்னைத் தனியா விட்டுட்டு ஓடிருவா. சண்டை போட்டிருக்கேன்.” பாறையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். “நல்ல எடமாத்தான் கண்டுபிடிச்சிருக்கா.”

கால்களைத் தண்ணீரில் விட்டார். நாங்களும் வரிசையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அக்கா, உங்கள் பாதை சரியாக இருக்கிறது. நிம்மதியாக உறங்குங்கள்.