ஆலந்தலையில் விலைக்கு வந்த அமெரிக்க கிட்டார்

சென்ற மாதம் மட்டும் மூன்று வாசகர்கள் ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். பெயர்பெற்ற பழைய மாடல் எலெக்ட்ரிக் கிட்டார், அமெரிக்காவில் செய்தது என்றால் ஒரு விலை. அதே உருவத்தில் வேறு நாட்டில் செய்தது என்றால் அதில் பாதி விலை. கூடுதலாகக் கொடுக்கிற பணத்துக்கு அது தகுமா? கப்பலில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இன்னமும் பழைய கிட்டார் கிடைக்கும் என்று நம்பி, தூத்துக்குடிப் பக்கம் கிளம்பவும் அதில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்.

இதே கேள்வியோடு அந்தக் கடற்கரைக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். 1976 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை. அன்று என் தங்கை எஸ்தரை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்ததே பெரிய காரியம். ஆகவே விலை, தூரம், நேரம் எல்லாவற்றையும் சொல்கிறேன். பயத்தையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள நாசரேத். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார், வயது இருபத்தேழு. எஸ்தருக்கு இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் சாதாரண கிட்டார் வாசித்தாள். திருநெல்வேலி மெல்லிசைக் குழு ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2,400 ரூபாய் வைத்திருந்தாள்.

கிளம்பும்போது அப்பா என்னிடம், "ஏலே, கிட்டார் வருதோ வரலையோ, பிள்ளைய பத்திரமா கூட்டிட்டு வா" என்றார். இந்தப் பொறுப்புக்கு என்னைவிட ஏற்ற ஆள் கிடையாது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பாலத்தில் பஸ் ஏறினால்கூட எந்தப் பக்கம் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

காலை 6.20க்கு நாசரேத்தில் பஸ். தூத்துக்குடி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய் பத்து பைசா. பழையகாயல் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் தொடங்கிவிடும். அந்த நேரத்திலேயே கண் கூசும். எஸ்தர் அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரோட்டில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். நெருக்கடி நிலைக் காலம் அது. வெளிநாட்டுச் சாமானோடு ரோட்டில் பிடிபட்டால் யாரிடம் என்ன சொல்வது, அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வது என்று வழி நெடுக யோசித்தேன். சுங்கம் கட்டிய ரசீது இல்லாமல் ஒரு கம்பியைக்கூடத் தொடக் கூடாது என்று அவளிடம் நான்கு தடவை சொன்னேன். நான்காவது தடவை அவள், "அண்ணே, கடலைய தின்னு" என்று பொட்டலத்தைக் கையில் வைத்தாள்.

தூத்துக்குடியில் இறங்கும்போது எட்டு மணி ஆகியிருந்தது. இசைக்கருவி விற்கிற கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தார்கள். அங்கே இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தன. கல்கத்தாவில் செய்தது 480 ரூபாய். ஜப்பானில் செய்தது, அமெரிக்க மாடலை அச்சாக அப்படியே எடுத்தது, 1,150 ரூபாய்.

நாங்கள் ஒரு பரீட்சை வைத்திருந்தோம். பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் நான் படித்தது. ஒரு தந்தியை அழுத்திப் பிடித்து ஒரே முறை மீட்ட வேண்டும், ஒலி அடங்கும்வரை விநாடியை எண்ண வேண்டும். மரமும் இழைப்பும் நன்றாக இருந்தால் ஒலி நீண்டு நிற்கும், மட்டமானதில் சீக்கிரம் செத்துவிடும். மீட்டுவது எஸ்தர், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது நான். கல்கத்தா கிட்டார் மூன்று விநாடி நின்றது, அதுவும் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு இரைச்சலோடு. ஜப்பான் கிட்டார் ஏழு. இரைச்சல் இல்லை.

எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. கடைக்காரர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஆலந்தலையில மிக்கேல்னு ஒரு கப்பல்காரர் இருக்காரு. அசல் அமெரிக்கா கிட்டார் வச்சிருக்காரு, விக்கப் போறதா சொல்லுதாங்க. கூடவே ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் உண்டு. பாத்துட்டு வந்து இத வாங்குங்களேன், இது எங்க போவுது?" என்றார்.

"ரசீது இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எல்லாம் சுத்தமா இருக்கும். அதனாலதான் அந்த வெல சொல்லுதாரு."

11.10க்குத் திருச்செந்தூர் பஸ். நாற்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய். அங்கிருந்து தெற்கே ஆறு கிலோமீட்டர் ஆலந்தலை. டவுன் பஸ்ஸில் நாற்பது பைசா. இறங்கும்போது மணி ஒன்றேகால், தலையைப் பிளக்கிற வெயில்.

மிக்கேலுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை, இரண்டு மாத லீவில் வந்திருந்தார். கேட்கும் முன்பே சுங்க ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போதுதான் காலையிலிருந்து முதல் முறையாக ஒழுங்காக மூச்சு விட்டேன். அவர் மனைவி ரோசம்மாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "மொதல்ல சாப்பிட்டுப் பேசுங்க" என்றார். சோறும் சாளை மீன் குழம்பும் போட்டுவிட்டுத்தான் கிட்டார் பேச்சையே எடுக்க விட்டார்.

கிட்டார் பெட்டியைத் திறந்ததும் எஸ்தர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆசையாக இருந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். வெண்ணெய் நிற உடம்பு, மேப்பிள் மரக் கழுத்து. விலை 2,300. கூட வருகிற ஆம்ப்ளிஃபயர் 110 வோல்ட்டில் ஓடுவது என்பதால், நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தருவதாகச் சொன்னார். ஆனால் அவர் வீட்டில் அன்று கரண்ட் இல்லை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு, மைக்செட்காரர்கள் தனியாக லைன் இழுத்திருந்தார்கள். அங்கே போய் வாசித்துப் பார்க்கலாம் என்று கிட்டார், ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனோம்.

சிலுவை வைத்த சிறு கோயிலான குருசடிக்கு முன்னால்தான் பந்தல். புழுதி அடங்குவதற்காக மணலில் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அமெரிக்க பிளக் நம் துளையில் நுழையாது என்பதால் மிக்கேல் எப்போதோ அதை வெட்டி எறிந்திருந்தார். வயரில் மூன்று கம்பி இருந்தது. இரண்டை டிரான்ஸ்ஃபார்மரின் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கினார். எர்த்துக்கான மூன்றாவது கம்பியை மடக்கி விட்டுவிட்டார். அப்போது யார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள், நானே செய்திருக்கிறேன். எதற்கெல்லாமோ பயந்த எனக்கு அதைப் பார்த்துப் பயமே வரவில்லை.

எஸ்தர் ரப்பர் செருப்போடு நின்றபடி கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஜப்பான் கிட்டார் நல்ல கிட்டார், ஆனால் இது வேறு. கழுத்தில் கை தானாக ஓடியது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், அழுத்தித் தொட்டால் கோபமாகவும் பதில் சொன்னது. பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் கோயில் உபதேசியார் குருசடியைக் கும்பிட்டுவிட்டு எங்களைக் கடந்து போனார். போகிற போக்கில் எஸ்தருடைய காலைப் பார்த்தார்.  சுற்றிப் பார்த்தேன், அந்த மணலில் வேறு யார் காலிலும் செருப்பு இல்லை. நாங்களோ நாசரேத்துக்காரர்கள், புராட்டஸ்டண்ட்; இவர்கள் கத்தோலிக்கர். எங்கள் ஊர்க் கோயிலுக்குச் செருப்போடு போகிறவர்களும் உண்டு. குருசுக்கு மரியாதை தெரியாதவர்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? கூட்டம் கூடிவிட்டால்? எனக்கு வியர்த்துவிட்டது.

"ஏளா, செருப்ப கழத்திரு" என்றேன்.

அவள் தந்தியிலிருந்து கையை எடுத்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள், ஈர மணலில் வெறுங்காலோடு நின்றாள். "கடைசியா பரீட்சய பாத்திரலாம்ணே. எண்ணு" என்று சொல்லிவிட்டு, இடது கையால் தந்தியை அழுத்தி வலது கையால் மீட்டினாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். மூன்று. ஐந்து. ஏழு. ஜப்பானைத் தாண்டிவிட்டது. ஒலி அடியில் ஒரு உறுமலோடு நின்றுகொண்டே இருந்தது. எட்டு, ஒன்பது. என்ன மரமடா இது என்று நினைத்தேன். இன்றுவரை இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பத்து.

காப்பிக் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்த ரோசம்மாளின் குரல் கேட்டது. "ஏலே, அவ வாசிக்கல. அவ வாசிக்கலவே."

தலையை நிமிர்த்தினேன். எஸ்தருடைய வலது கை காற்றில் விறைத்து நின்றது. இடது கை கழுத்தை விடாமல் பிடித்திருந்தது, அல்லது கழுத்து அவள் கையை விடாமல் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கண் இமைக்கவில்லை. நான் அசையவில்லை. கால் மணலில் முளைத்துவிட்ட மாதிரி நின்றேன். ரோசம்மாள் கோப்பைகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், துளையில் செருகியிருந்த வயரைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். எஸ்தர் கிட்டாரோடு மணலில் சரிந்தாள்.

மூச்சு இருந்தது. ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. ரோசம்மாள் அவள் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே, "பேசுளா, ஏதாவது பேசு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா முகம் கண்முன் வந்தது. கர்த்தரே, பிள்ளையை மட்டும் கொடுத்துவிடும் என்று சத்தமாகவே சொன்னேன். ஐந்தாறு நிமிடம் கழித்து எஸ்தர் தண்ணீர் கேட்டாள். இடது கையின் நான்கு விரலிலும் தந்தி கிடந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது.

மிக்கேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கப்பல்ல பூட்சு போட்டுக்கிட்டுல்லா வாசிப்பேன் சார். வீட்டுல கட்டில்ல காலத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பேன். எனக்கு ஒண்ணும் செஞ்சதில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்கிற முகமில்லை அது. அவரே பதினைந்து ரூபாய்க்குக் கார் பிடித்து எங்களைத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, விரலுக்கு மருந்து போட்டு, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தகும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. விலை கூடிய அசலுக்கும் நல்ல ஜப்பான் கிட்டாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே உணர முடிகிறவர் அசலை வாங்கலாம். மற்றவர்கள் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள். இன்னொன்று, இதை யாரும் கடையில் சொல்வதில்லை. நல்ல கிட்டாரில் இரைச்சல் வராமலிருக்க, தந்திகளை உள்ளே ஒரு கம்பியால் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்போடு சேர்த்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் கசிந்து, எர்த்தும் இல்லையென்றால், அது நேராகத் தந்திக்கு வரும். எட்டு, ஒன்பது என்று நான் எண்ணியது அந்தக் கரண்டின் உறுமலைத்தான். அந்த 480 ரூபாய்க் கிட்டாரில் அந்தக் கம்பியே இல்லை என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் அப்படி இரைந்தது. அதைப் பிடித்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் முதலில் மூன்று கம்பி பிளக் போடச் சொல்லுங்கள், எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் செருகாதீர்கள், வெறுங்காலோடு நின்று வாசிக்காதீர்கள். எந்த ஊரில் யார் என்ன நினைத்தாலும் சரி.

எஸ்தர் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். டிசம்பரில் தனியாகப் போய், மிக்கேலின் மனைவியிடம் அந்த அமெரிக்க கிட்டாரையே வாங்கி வந்தாள். ஆம்ப்ளிஃபயரை வாங்கவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அன்று திரும்பியது 5.40 பாசஞ்சரில். திருச்செந்தூரிலிருந்து நாசரேத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குரும்பூர்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். வண்டி குரும்பூரில் நின்று கிளம்பியதும், "அண்ணே, எத்தன வந்துச்சு?" என்று கேட்டாள்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "எது?" என்றேன்.

"எண்ணிக்கிட்டிருந்தேல்லா."

"பத்து" என்றேன்.

"நான் ஒன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "கத்த முடியல. இப்ப நிமிந்துருவான், இப்ப நிமிந்துருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."