பம்பரம் உட்கார்ந்த இடம்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது தான்தான் என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி பெருமையடித்துக்கொள்வார். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கை ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் மேசைக்கடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் கிண்ணத்தில் கிடக்கும் குட்டித் திருகாணிகள் கிணுகிணுவென்று சத்தம் போடும். "பம்பரம், கால நிறுத்தும்மா, எனக்குத் தல சுத்துது" என்று முன்னறையிலிருந்து முதலாளி கத்துவார். நிறுத்துவாள். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் பேச்சைத் தொடங்குவதற்குள் மறுபடி கிணுகிணு.

டீயை நின்றுகொண்டே குடிப்பாள். சாப்பாட்டை அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தபடி முடிப்பாள். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் படியேறிப் போய், லிஃப்டில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். "எங்கம்மாவுக்கு வலி எடுத்து டாக்டர் செருப்பு மாட்றதுக்குள்ள நான் பொறந்துட்டேனாம்" என்று இதற்கெல்லாம் ஒரு விளக்கமும் கைவசம் வைத்திருந்தாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். எந்த நிலம் எங்கே மேடாகிறது, எங்கே சரிகிறது என்று கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் ஒரு பென்சில் சீவி முடிப்பதற்குள் இவள் ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவாள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் இவள் அதற்குப் பதிலும் சொல்லி முடித்திருப்பாள். இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே கூரையின் கீழ் காலந்தள்ளுகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

காலந்தள்ள உதவியது சைக்கிள்தான். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. உச்சியில், யாரும் பயன்படுத்தாத பழைய தண்ணீர்த் தொட்டி. அதுவரை மண்பாதை ஏறும். பாதிக்கு மேல் ஓரிடத்தில் பாதை முழங்கையை மடக்கிய மாதிரி திரும்பும். சரளைக்கல் கொட்டிக் கிடக்கும். அதற்குப் பெயரே முழங்கை. ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவள் சீட்டில் உட்காரவே மாட்டாள். எழுந்து நின்று, ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டி, வெறிபிடித்தவள் போல் மிதித்து மேலே போய்விடுவாள். போனவள் அங்கேயாவது உட்காருவாளா என்றால் அதுவும் இல்லை. தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். அவர் தலை தெரிந்ததும் ஹெல்மெட்டை மாட்டுவாள். அவர் வந்து சேர்ந்த கையோடு, "வந்துட்டீங்களா? சரி, போலாம்" என்று இறக்கத்தில் பாய்ந்துவிடுவாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னால் இறங்குவார். பல வருஷம் இதுதான் நடந்தது.

பிறகு ஒருநாள் அலுவலகத்தில், வரைபலகை மேல் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. நல்லவேளை, பக்கத்து மேசைக்காரர் சுறுசுறுப்பானவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியும். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் அவர் கொஞ்சம் நேரமெடுத்தால் கதவைத் தட்டுவாள். தும்மினால் ஓடி வருவாள். கண்மூடி இருந்தால் மூக்கருகே விரலை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். ஒருமுறை அப்படி விரலை நீட்டியபோது அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இன்னும் இருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது அவரே வாய் திறந்து கேட்டார்.

"நான் மறுபடி அந்த மேட்டுல சைக்கிள் ஏறலாமா?"

"ஏறலாமே. மொதல்ல சமதரையில ஓட்டிப் பழகுங்க. அப்புறம் மெதுவா மேடு. ஆனா ஒண்ணு சார், ஏறும்போது கூட வர்றவங்களோட பேச முடியணும். ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாம வரலன்னா நீங்க வேகமாப் போறீங்கன்னு அர்த்தம். நெஞ்சுல ஏதாவது பண்ணினா உடனே இறங்கிடணும்."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் அவளிடம் சொன்னார். "அந்தத் தொட்டி வரைக்கும் ஒரே ஒரு தடவ, கால் ஊணாம, நானா போயிட்டேன்னா போதும். நோயாளிங்கற நெனப்பு என்னை விட்டுப் போயிடும். உன்னையும் விட்டுப் போயிடும்."

அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஜன்னலோர நாற்காலியை நினைத்தாள்.

மறுநாளே சைக்கிள் கடையில் போய் நின்றாள். கடைக்காரர் அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்றை மாட்டினார். மிதிப்பது லேசாகும், வேகம் குறையும் என்றார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். சரளையில் பிடிப்பு கிடைக்குமாம். பிறகு அவளைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களும் அவர்கூடப் போகப்போறீங்களா?"

"பின்ன? தனியா விட்ருவேனா?"

"அப்போ நீங்கதான் ஓட்டக் கத்துக்கணும். நின்னுக்கிட்டு மிதிச்சா மெதுவாப் போக முடியாது. மேடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடுங்க. நடுமேட்டுல மாத்தினா செயின் கடகடன்னு அடிச்சுக்கும். சீட்டோட முன்நுனிக்கு நகந்து உக்காருங்க. முழங்கைய மடக்கி நெஞ்சை ஹேண்டில்கிட்டக் கொண்டு போங்க. முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரமும் வழுக்காது. முன்சக்கரத்தையே மொறைச்சுப் பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க."

"இவ்ளோதானா?" என்றாள் பம்பரம்.

இவ்வளவுதான் இல்லை. வீட்டுப் பின்தெருவில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. அதில் உட்கார்ந்தபடி மெதுவாக ஏறிப் பழகத் தொடங்கினாள். வேகத்தில் நிற்கிற சைக்கிள் நிதானத்தில் நிற்கவில்லை. வாழைமரம் சாய்கிற மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். எழுந்தாள். மறுபடி சாய்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "புதுசா ஓட்டக் கத்துக்கறீங்களா?" என்று விசாரித்தாள். பம்பரத்துக்கு மானமே போனது. இத்தனை வருஷம் தன் கணவர் பின்னால் அசைந்து அசைந்து வந்தாரே, அது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று அன்றைக்குத்தான் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. அதை யோசிக்க நிற்காமல் மறுபடி சைக்கிளில் ஏறினாள்.

சமதரையில் சில மாதங்கள் ஓடின. டாக்டரம்மா சரியென்று தலையசைத்தார். ஒரு ஞாயிறு காலை இருவரும் மண்பாதைக்குப் போனார்கள். அவர் முன்னால், அவள் ஒட்டினாற்போல் பின்னால்.

"பேசுங்க" என்றாள்.

"என்ன பேசறது?"

"எதாவது. முழு வாக்கியமா."

"இன்னைக்கு வெயில் கம்மியா இருக்கு."

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். "பேசுங்க."

"இப்பதான பேசினேன்."

"அது அப்போ."

பிறந்ததிலிருந்து பேசாததையெல்லாம் அந்த மேட்டில் சேர்த்துப் பேசவேண்டிய நிலைமை அந்த மனிதருக்கு. மேலதிகாரியைப் பற்றிச் சொன்னார். பென்சிலின் தரம் கெட்டுப்போனதைச் சொன்னார். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. வார்த்தைகளுக்கு நடுவே வரும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைத் திருப்பம் நெருங்கியது. அவர் பேச்சு நின்றது. திருப்பத்துக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கினார், அவ்வளவுதான். அவளால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் ஏறி வந்து, எட்டி அவர் முதுகில் கையை வைத்து மேலே தள்ளினாள்.

ஓடுகிற சைக்கிளை அந்தத் திருப்பத்தில் யாராவது தள்ளுவார்களா? அவருடைய முன்சக்கரம் திசைமாறியது. ஒற்றைக் கையில் இவள் சைக்கிளும் தடுமாறியது. இரண்டும் பின்னிக்கொண்டு சரளையில் விழுந்தன. இருவருக்கும் முழங்காலில் சிராய்ப்பு. அவள் சைக்கிளைத் தாண்டிப் பாய்ந்து அவர் நெஞ்சில் கைவைத்தாள்.

அவர் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"தள்ளிவிட நான் என்ன நின்னுபோன காரா?"

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. இறங்கும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னலோர நாற்காலியைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனவள் கையில் அன்று நல்ல லென்ஸ் ஒன்று ஓரத்தில் சில்லுப் பெயர்ந்தது. மேசைக்கடியில் கால் ஆடவில்லை. முதலாளி பயந்துபோய் எட்டிப்பார்த்தார். "உடம்பு சரியில்லையாம்மா?"

அடுத்த ஞாயிறு காலை அவரே சைக்கிளை வெளியே எடுத்தார்.

"நான் மொதல்ல போறேன். மொதல் திருப்பம் தாண்டி நான் கண்ணுக்கு மறைஞ்சப்புறம் நீ கிளம்பு. பேசச் சொல்லாத. மூச்சு வந்துதுன்னா நானே பாட்டுப் பாடிக்கிட்டுப் போறேன். வரலன்னா இறங்கிடுவேன். என் நெஞ்சு, எனக்குத் தெரியாதா?"

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

பாதையடியில் நின்றாள். அவர் மெதுவாக, சீட்டு நுனியில் குனிந்து, ஆடாமல் அசையாமல் ஏறிப்போனார். மறைந்தார். அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றாள். பிறகு கிளம்பினாள். கியரைக் குறைத்தாள், உட்கார்ந்தாள், முழங்கையை மடக்கினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. காதுதான் சும்மா இருக்கவில்லை. மேலேயிருந்து பாட்டு வருகிறதா? இல்லை. விழுந்த சத்தமா? அதுவும் இல்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. முழங்கைத் திருப்பத்தில் நுழைந்ததும் எல்லாம் மறந்து எழுந்து நின்று பழையபடி ஓங்கி மிதித்தாள். சீட்டிலிருந்து எடை போனதும் பின்சக்கரம் சரளையில் வெறுமே சுழன்றது. சைக்கிள் நின்றது. காலை ஊன்றினாள்.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். நேற்றுத் தூறிய தூறலில் மண் ஈரமாக இருந்தது. அவருடைய டயர்த் தடம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. எல்லோரும் குறுக்குவழி என்று உள்பக்கமாகத்தான் திரும்புவார்கள், அவளும் அப்படித்தான். உள்பக்கம் செங்குத்து. அவர் வெளிப்பக்கமாக, சுற்றிக்கொண்டு, சரிவு குறைந்த இடமாகப் பார்த்து ஏறியிருந்தார். அவர் வரைகிற கோடு மாதிரியே அது சீராக வளைந்து போனது. பக்கத்தில் எங்கேயும் செருப்புத் தடம் இல்லை. கால் ஊன்றவே இல்லை மனுஷர்! உடனே, அதற்கு மேலே என்ன ஆனதோ என்று அடுத்த பயமும் வந்தது.

அந்தச் சரிவில் நேராக நிறுத்தி மறுபடி ஏற முடியாது. சைக்கிளைப் பாதைக்குக் குறுக்காகத் திருப்பினாள். பிரேக்கை அழுத்தி, ஒரு மிதியை மேலே கொண்டுவந்து, முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு பிரேக்கை விட்டு மிதித்தாள். வழுக்கியது. மறுபடி செய்தாள். பிடித்தது. அவருடைய தடத்தின் மேலேயே சக்கரத்தை வைத்து, உட்கார்ந்தபடியே, மூச்சிரைக்க மேலே போனாள்.

அவர் தொட்டியின் திண்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வை. அதன் கீழே நல்ல நிறம். அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

அவளுக்கு இன்னும் மூச்சு இரைத்தது. கேட்க நினைத்தது ஆயிரம். வாயில் வந்தது பல வருஷப் பழக்கம்தான்.

"வந்துட்டேன். போலாமா?"

சொல்லிக்கொண்டே சைக்கிளைத் திருப்பப் போனாள்.

"இரு" என்றார் அவர். பக்கத்தில் கையால் தட்டினார். "உக்காரு. எனக்கு மூச்சு அடங்கிடுச்சு. உனக்கு இன்னும் அடங்கலையே."

அவள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! இவள் மூச்சு அடங்கிக் காத்திருப்பாள். அவர் வந்து சேரும்போது கிளம்புவாள். ஒருமுறைகூட அந்தத் திண்டில் அவரை உட்காரவிட்டதில்லை. அந்த நெஞ்சைத்தான் அப்படி ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

"ஏங்க, ஒரு நாள்கூட நீங்க இத எங்கிட்டச் சொல்லலையே?"

அவர் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டு, கோபம் துளியும் இல்லாமல் சொன்னார்.

"சொல்றதுக்கு மூச்சு வேணாமா? அது வர்றதுக்குள்ள நீ கிளம்பிடுவியே."